ஊர் ஓரத்து அலையாத்திக் காட்ட இறால் குட்டைகிட்டேர்ந்து காப்பாத்துறது எப்படி

முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கம் கடைமடை ஊருங்கள்ல இருக்கவங்களுக்குத்தான் இத எழுதுறேன். வடிகாலுக்கும் அலையாத்திக்கும் (கழிமுகத்து உப்புத்தண்ணியில வளர்ற மாங்குரோவ் காடு) நடுவுல திடீர்னு ஜேசிபி வந்து இறால் குட்டைக்குக் கரை போடுதுன்னு வைங்க, மொதல்ல எல்லாருக்கும் தோணுறது மறியல்தான். நாங்களும் அப்படித்தான் போய் உக்காந்தோம், வந்த அதிகாரி சர்வே நம்பர் என்னன்னு ஒரே கேள்விதான் கேட்டாரு, எங்கள்ல ஒருத்தருக்கும் தெரியல, அன்னிக்கு அதோட முடிஞ்சுபோச்சு. அதனால மொத வேல காகிதம்.

அரசோட இ-சேவை தளத்துல பட்டா, அ-பதிவேடு (நெலம் என்ன வகைன்னு சொல்ற கிராமக் கணக்கு), எஃப்எம்பி (நெலத்தோட அளவு வரைபடம்) மூணையும் எடுத்துருங்க. அது பட்டா நிலமா, வாய்க்கா புறம்போக்கா, வனத்துறை காப்புக்காடா, இதுதான் எல்லாத்தையும் முடிவு பண்ணும். புறம்போக்குன்னா தாசில்தார்கிட்ட ஆக்கிரமிப்பு மனு, காப்புக்காடுன்னா வனச்சரகர். பட்டாவா இருந்தாலும் விட்டுராதீங்க, கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்துல பதிவு பண்ணாம இறால் பண்ணை நடத்தக்கூடாதுன்னு 2005 சட்டமே இருக்கு.

பதிவு இருக்கான்னு தெரிஞ்சுக்க தகவல் உரிமை மனு போடுங்க. ஒண்ணு கவனம், மாநில ஆபீசுக்கு 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினா போதும், ஆனா இந்த ஆணையம் மத்திய அரசோடது, அதுக்கு 10 ரூபா போஸ்டல் ஆர்டர் வெக்கணும், ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புனா திரும்பி வந்துரும். 30 நாள்ல பதில் வரலன்னா மேல்முறையீடு. கேள்விய சுருக்கமா கேளுங்க: இந்த சர்வே நம்பர்ல பதிவு உண்டா, எத்தன ஹெக்டேர், கடைசியா எப்ப ஆய்வு பண்ணாங்க.

அடுத்தது நோட்டு. குட்டை உப்பு நம்ம தண்ணியில ஏறுதான்னு பாக்க, ஒரு டிடிஎஸ் மீட்டர் (தண்ணியில கரைஞ்ச உப்ப அளக்குறது) வாங்கி, குட்டைய சுத்தி உள்ள அடிபம்பு, வயக்காட்டு போர் எல்லாத்துலயும் மாசம் ரெண்டு தடவ, அமாவாசை பௌர்ணமின்னு வெச்சுக்கிட்டா மறக்காது, அளந்து தேதி போட்டு எழுதுங்க. குடிதண்ணிக்கு 500க்குள்ள இருக்கணும், வேற வழியே இல்லாத எடத்துல 2000 வரைக்கும்னு இந்தியத் தர அளவு சொல்லுது. மேட்டூர் தண்ணி நமக்கு லேட்டா வர்றதாலயும் உப்பு ஏறும்னு எதிர்த்தரப்பு கண்டிப்பா சொல்லும், அதனால குட்டைக்கு தூரமா இருக்குற ஒரு கிணத்தையும் சேத்து அளங்க, வித்தியாசம் அப்பதான் தெரியும். இறால் அறுவடை அன்னிக்கு வாய்க்கால்ல தண்ணி தொறந்து விடுறத ஜிபிஎஸ் தேதியோட போட்டோ எடுங்க. கூகுள் எர்த்துல பழைய வருஷப் படங்கள் கெடைக்கும், காடு எங்க வரைக்கும் இருந்துச்சுன்னு அதுல வரிசையா எடுத்து வெச்சுக்கங்க.

ஆளு சேக்குறப்ப விவசாயி மட்டும் போதாது. கழிமுகத்துல வலை போடுறவங்க, நண்டு புடிக்கிறவங்க, குடம் தூக்கிட்டு நடக்குற பொம்பளைங்க, இவங்க பேசுனாதான் கிராம சபையில எடுபடும். குட்டையில கூலிக்குப் போற நம்மூர் பசங்கள எதிரியா பாக்காதீங்க, எப்ப பம்பு ஓடுது, என்ன மருந்து கொட்டுறாங்கன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இந்த ஆறு கிராம சபைய தவறவிடாதீங்க. தீர்மானத்த முன்னாடியே எழுதி எடுத்துட்டுப் போங்க, சர்வே நம்பரோட, பதிவேட்டுல ஏறின அப்புறம்தான் கையெழுத்து போடணும், நகல் வாங்காம எந்திரிச்சு வராதீங்க. அந்த நகலோட கலெக்டர் ஆபீஸ் திங்கக்கிழமை மனு நாளுக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கும் போங்க, ஒவ்வொரு தடவையும் ரசீது நம்பர குறிச்சுக்கங்க.

இதுலயும் நகரலன்னா சுற்றுச்சூழல் வழக்க விசாரிக்கிற பசுமைத் தீர்ப்பாயத்தோட தென்மண்டல அமர்வு சென்னையில இருக்கு. தகராறு ஆரம்பிச்ச 6 மாசத்துக்குள்ள போகணும், மனு போட்டுட்டு காத்திருக்கோம்னு நாள ஓட்டிராதீங்க. நம்மாள ஆகுமான்னு யோசிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், கடலோர இறால் பண்ணைக்கு எதிரா 1996 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் குடுத்த பெரிய தீர்ப்புக்கு வழக்கு போட்டது சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் ஐயா, அவரும் அவரோட மனைவி கிருஷ்ணம்மாள் அம்மாவும் இதே நாகப்பட்டினம் மாவட்டத்து சனங்களோட நின்னு போராடுனவங்க.

குட்டைய மூட வெச்சதும் ஆள் ஆளுக்கு கன்னு நட வருவாங்க. மொதல்ல கரைய ஒடச்சு, ஓதத் தண்ணி (கடல் ஏறி எறங்குறப்ப வர்றது) உள்ள வந்து போற மாதிரி வாய்க்கால வெட்டி விடுங்க, முத்துப்பேட்டையில வனத்துறை மீன்முள்ளு மாதிரி வெட்டிருக்குறத ஒருதடவ போய் பாத்துட்டு வாங்க. தண்ணி தேங்கி உப்பு பூத்த மண்ணுல ஆயிரம் கன்னு நட்டாலும் கருகிரும். ஓதம் ஏறி எறங்குற எடத்துல பக்கத்துக் காட்டு வெதை தானா மெதந்து வந்து வேர் புடிக்கும், வராத எடத்துல மட்டும் நட்டா போதும், மொளைச்ச புதுசுல ஆடு மாடு போகாம ரெண்டு வருஷம் பாத்துக்கங்க.