ஏழு சீரில் ஒரு விளையாட்டு: வெண்பா எழுதிப் பழக

புலவர்க்கு வெண்பா புலி என்று பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். உண்மையில் குறுக்கெழுத்துப் புதிர் போடத் தெரிந்தவருக்கு வெண்பாவும் கைவரும். வெற்றுத்தாளைப் பார்த்து "என்ன எழுதுவது" என்று உட்கார்ந்திருப்பவருக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. விதி ஒரு சொல்லை மறுக்கும். நீங்கள் வேறொன்றைத் தேடுவீர்கள். நினைத்தே பார்க்காத ஒரு சொல் வந்து உட்காரும். எழுதுகிற சுகம் பெரும்பாலும் அந்தத் தேடலில்தான் இருக்கிறது.

முதல் வாரம் பா எதுவும் எழுத வேண்டாம். சொற்களை அசையாக, அதாவது சிறு ஒலித்துண்டுகளாக, பிரித்துப் பழகினால் போதும். அசைகள் சேர்ந்தது சீர். தனிக்குறிலோ தனிநெடிலோ வந்தால் நேரசை. இரண்டு குறில், அல்லது குறிலும் நெடிலும் சேர்ந்து வந்தால் நிரையசை. பின்னால் மெய்யெழுத்து ஒட்டினாலும் கணக்கு மாறாது. பேருந்துப் பலகை, கடைப் பெயர் என்று கண்ணில் படுவதையெல்லாம் பிரியுங்கள். மதுரை: மது/ரை, நிரை நேர், இந்த அமைப்புக்குப் பெயர் புளிமா. தாம்பரம்: தாம்/பரம், நேர் நிரை, கூவிளம். கோயம்பேடு: கோ/யம்/பே/டு, நான்கு அசை, வெண்பாவுக்குள் ஒரே சீராக நுழையாது. ஒரு நாளைக்கு இருபது சொல், பத்து நிமிடம். நான்கைந்து நாளில் தாளைப் பார்க்காமலே காது பிரித்துவிடும்.

சீர் அமைப்பின் இந்தப் பெயர்தான் வாய்பாடு. வெண்பாவுக்கு எட்டுதான். ஈரசையில் தேமா (நேர் நேர்), புளிமா (நிரை நேர்), கூவிளம் (நேர் நிரை), கருவிளம் (நிரை நிரை). இவற்றின் பின்னால் ஒரு நேரசை சேர்ந்தால் தேமாங்காய், புளிமாங்காய், கூவிளங்காய், கருவிளங்காய். நிரையில் முடியும் மூவசைச்சீர் 'கனி'. வெண்பாவில் கனிக்கு இடமில்லை.

இனி தளை, அதாவது ஒரு சீரின் முடிவும் அடுத்த சீரின் தொடக்கமும் பொருந்தும் விதி. ஒரு சீர் மாவில் முடிந்தால் அடுத்த சீர் நிரையில் தொடங்க வேண்டும்; 'மா முன் நிரை' என்பதன் பொருள் இதுதான். மூன்று வரியை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள்:

மா முன் நிரை
விளம் முன் நேர்
காய் முன் நேர்

குறள் வெண்பாவுக்கு முதலடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று. கடைசிச் சீர் மட்டும் ஓரசையாக (நாள், மலர்) இருக்கும். அல்லது அதன் மேல் ஓர் உகரம் ஒட்டி (காசு, பிறப்பு) நிற்கும். திருக்குறளின் 1330 பாக்களும் இந்த அச்சில் வார்த்தவைதான். ஆகவே பயிற்சிக்குப் பஞ்சமில்லை. தினம் இரண்டை எடுத்து அலகிடலாம், அதாவது அசை, சீர் பிரித்துப் பார்க்கலாம்.

எழுதும்போது பெரிய பொருள் வேண்டாம். தத்துவத்தில் கை வைத்தால் ஏற்கெனவே கேட்ட வாக்கியம்தான் வரும். மின்வெட்டை எடுத்துக்கொள்வோம். சொல்ல வந்தது இது: கரண்டு போனதும் எல்லோரும் வாசலுக்கு வந்து பேச ஆரம்பித்தார்கள்.

"கரண்டு போனதும்" என்று தொடங்கிப் பாருங்கள். கரண்/டு புளிமா, அடுத்து நிரை வர வேண்டும், 'போ' நேர். தளை தட்டுகிறது. ("கரண்டு வரவில்லை" என்றால் தட்டாது. பேச்சுத்தமிழ் வெண்பாவுக்கு ஆகாது என்பது கட்டுக்கதை.) சரி, "மின்சாரம் அணைந்ததும்"? மின்/சா/ரம் காய்; 'அணைந்' நிரை. இதுவும் ஆகாது. "மின்சாரம் போன பிறகு திறந்தது" என்று போட்டால் தளை எல்லாம் சரி. ஆனால் படித்துப் பாருங்கள், சப்பென்று இருக்கும். காரணம், மோனை இல்லை. முதல் சீரின் முதலெழுத்தும் மூன்றாம் சீரின் முதலெழுத்தும் ஒத்துப்போனால்தான் அடி நிமிர்ந்து நிற்கும். 'மி'க்கு மோனை மி, மீ, மெ, மே. மெழுகு, மேலே, மீண்டும், மெல்ல... 'மெல்ல'வில் நிறுத்துங்கள்:

மின்சாரம் போனபின் மெல்லத் திறந்தது

'மெல்ல' என்ற சொல் முதலில் மனத்தில் இல்லவே இல்லை. மோனை தேடப் போய்க் கிடைத்தது. இருட்டில் பேச்சு அப்படித்தானே தொடங்குகிறது, ஒருவர் இருமி, ஒருவர் விசிறியைத் தட்டி?

இரண்டாம் அடிக்கு எதுகை, அதாவது இரண்டாம் எழுத்து 'ன்' ஆக வேண்டும். முதலெழுத்தும் குறிலாக இருக்க வேண்டும். 'முன்வாசல்' தானாக வந்துவிடும். "முன்வாசல் எங்கும் சிரிப்பு" தளையில் பிழையில்லை, ஆனால் 'திறந்தது' அந்தரத்தில் தொங்குகிறது. திறக்கக்கூடியது எது? ஓரசை நிரைச் சொற்களாக எழுதிப் பாருங்கள்: வழி, கடை, விழி, மடை.

மின்சாரம் போனபின் மெல்லத் திறந்தது
முன்வாசல் பேச்சின் மடை.

மடை என்றாலே வெள்ளம் பாய்வதுதான் வழக்கம். இங்கே மெல்லத் திறப்பதால் பழைய உவமை கொஞ்சம் புதிதாகிறது. (மு, ம இரண்டும் மோனை ஆகாது என்று யாராவது சொன்னால் சரிதான், இரண்டாம் அடியில் மோனை இல்லாமலே விட்டிருக்கிறோம்.)

பத்துக் குறள் எழுதிய பிறகு நேரிசை வெண்பாவுக்குப் போகலாம். நான்கு அடி, பதினைந்து சீர். இரண்டாம் அடியின் நான்காம் சீர் தனிச்சொல். முதலிரண்டு அடிகளின் எதுகை அதிலும் வர வேண்டும். இங்கே கலகலப்பான வழி ஈற்றடி விளையாட்டு: கடைசி அடியை ஒருவர் கொடுக்க, மேலே உள்ள மூன்றடியை மற்றவர் நிரப்புவது. "பேருந்தில் சன்னல் இடம்" என்று ஈற்றடி வந்தால் முதலில் பின்னிருந்து கணக்குப் போடுங்கள். 'பே' நேர் என்பதால் மூன்றாம் அடி விளத்திலோ காயிலோ முடிய வேண்டும். ஈற்றடியின் எதுகை பே–ரு என்பதால் மூன்றாம் அடி நெடிலில் தொடங்கி 'ரு' தொடர வேண்டும்: ஊருக்கு, யாருக்கு, நீரும். பாதி வேலை முடிந்தது.

முதல் வரைவில் "கால்நீட்ட / எட்டும் இடமில்லை என்றாலும்" என்று வந்தது என்று வையுங்கள். இந்த 'எட்டும்' முதலடியின் 'கட்டிய'வோடு எதுகைக்காக வந்து ஒட்டிக்கொண்ட வெற்றுச்சொல். இதுபோன்ற இட்டுநிரப்பல்தான் வெண்பாவைக் கொல்கிறது, தளைப்பிழையைக்கூட மன்னித்துவிடலாம். பேருந்தில் காலை நீட்டினால் நிஜமாக என்ன ஆகும்? முட்டும்.

கட்டிய மூட்டை கனத்தாலும், கால்நீட்ட
முட்டும் இருக்கை முதுகெனினும் – கிட்டியதே
ஊருக்குப் போகையில் ஊதும் இளங்காற்றாய்ப்
பேருந்தில் சன்னல் இடம்.

உள்ளதை உள்ளபடி பார்த்ததும் எதுகை கிடைத்தது, முட்டும்–முதுகு என்று மோனையும் கூடவே வந்தது. அடிக்கடி இப்படி நடக்கும்.

வழுக்குகிற இடங்கள் சில. ஐகாரம் சொல்லின் முதலில் நெடில். நடுவிலும் கடைசியிலும் குறிலாகக் கொள்ளுங்கள். 'போகையில்' என்பதைப் போ/கையில் என்று பிரித்துக் கூவிளமாகக் கொண்டது அதனால்தான். குற்றியலுகரத்தின் பின் உயிர் வந்தால் சேர்த்து எழுதுங்கள்: "பேச்சு இல்லை" என்றால் தளை தட்டும், "பேச்சில்லை" ஒரே காய்ச்சீர். சொல்லை எக்குத்தப்பாக உடைத்துச் சீராக்குவது வகையுளி; திருவல்லிக்/கேணி மாதிரி உடைந்தால் காது பொறுக்கும், தொடக்கத்தில் அதையும் தவிர்ப்பது நல்லது. அப்புறம், தளைக்காக 'யாண்டும்', 'மாதோ' என்று பழஞ்சொல் தேடி ஓடாதீர்கள். எழுதும்போதே அது சலிப்பைக் கொண்டுவரும்.

சலிப்புக்கு வேறொரு காரணமும் உண்டு: ஒவ்வொரு சொல்லையும் எழுதியவுடனே அலகிட்டுப் பார்ப்பது. முதலில் வாயால் சொல்லி, விரலால் தொடையில் தட்டி ஓட விடுங்கள். அடி முழுதாக வந்த பிறகு சரிபாருங்கள். அவலோகிதம் என்ற யாப்பு மென்பொருளில் பாவை ஒட்டினால் சீர், தளை எல்லாம் பிரித்துக் காட்டும். அதையும் கடைசியில் மட்டும். விதிகளை முறையாகப் படிக்க அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகை இருக்கிறது. ஆனால் ஐம்பது வெண்பா எழுதிவிட்டு அதைத் திறந்தால்தான் ருசிக்கும்.

ஒரு குறளுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம். சிக்கினால் அப்படியே விட்டுவிட்டுப் பாத்திரம் கழுவுங்கள், நடந்து வாருங்கள். காணாமல்போன சீர் பாதி வழியில் வந்து நிற்கும். வேண்டாமென்று தள்ளிய சொற்களை அடித்துவிடாமல் நோட்டின் பின்பக்கத்தில் வாய்பாடு வாரியாகச் சேர்த்து வையுங்கள். மழை, மடை, குடை ஒரு பக்கம். சிரிப்பு, களைப்பு, நெருப்பு இன்னொரு பக்கம்.

இன்றைக்கே தொடங்க மூன்று ஈற்றடிகள்:

வராத மழைக்குக் குடை
தேநீர் குடித்த களைப்பு
பாதியில் நின்ற கதை

முதலாவது நிரையில் தொடங்குவதால் அதன் மேலடி மாச்சீரில் முடிய வேண்டும்.