மரத்தரை வேலைக்கு ஆள் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலை முடிந்த அன்று எல்லா மரத்தரையும் அழகாகத்தான் இருக்கும். வார்னிஷ் பளபளக்கும், பலகைகள் நூல் பிடித்தாற்போல் வரிசையாகப் பொருந்தியிருக்கும். மனம் நிறைந்து மீதிப் பணத்தையும் கொடுத்து ஆட்களை அனுப்பிவிடுவோம். ஈரமான பருவம் ஒன்று வந்து போன பிறகுதான் பலகைகளின் ஓரம் தூக்கும், நடந்தால் கிறீச்சென்று சத்தம் வரும், சன்னல் பக்கம் மேல்பூச்சு தோல் உரிவதுபோல் உரியும். ஒப்பந்ததாரரைக் கூப்பிட்டால், "உங்கள் வீட்டில் ஈரம் அதிகம், நான் என்ன செய்ய?" என்பார். பல சமயம் அவர் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த ஈரத்தை வேலை தொடங்கும் முன்பே அளந்திருக்க வேண்டியவரும் அவரே.

இந்த வேலையில் தவறு நடக்கும் நாள் ஒன்று, அது கண்ணுக்குத் தெரியும் நாள் வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் பணம் கைமாறிவிடும். அதனால் கேட்க வேண்டியதையெல்லாம் முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

ஈரம் அளக்காதவரிடம் வேலையைக் கொடுப்பது

மற்ற தவறுகளையெல்லாம் ஒரு தட்டில் வைத்தாலும் இந்த ஒன்று அதைவிடக் கனமாக இருக்கும். மரம் அறுபட்டுக் காய்ந்து பலகையான பிறகும் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும். ஈரம் ஏறினால் பலகை அகலவாக்கில் விரியும், இறங்கினால் சுருங்கும். நீளவாக்கில் மாற்றம் மிகக் குறைவு. ஒரு பலகை கால் மில்லிமீட்டர் விரிந்தால் யாருக்கும் தெரியாது. ஐம்பது பலகைகள் அடுத்தடுத்துக் கிடக்கும் அறையில் அதுவே சேர்ந்து 12 மில்லிமீட்டருக்கு மேல் போய்விடும். அந்த விரிவுக்கு எங்காவது இடம் வேண்டுமே! இடம் இல்லாவிட்டால் தரை மேலே எழும்பும்.

ஆகவே வீட்டைப் பார்க்க வருபவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "உங்களிடம் மாய்ஸ்சர் மீட்டர் இருக்கிறதா? பலகையிலும் அடித்தரையிலும் என்ன அளவு காட்டியது என்று எழுதித் தருவீர்களா?" என்பதுதான். அடித்தரை பிளைவுட்டோ பலகையோ ஆக இருந்தால், அதன் ஈரப்பதத்துக்கும் மேலே போடப்போகும் பலகையின் ஈரப்பதத்துக்கும் உள்ள வித்தியாசம் 4 சதவீதப் புள்ளிகளைத் தாண்டக் கூடாது. இது 3 அங்குலத்துக்கும் குறைந்த அகலமுள்ள பலகைக்கு. 3 அங்குலமும் அதற்கு மேலும் என்றால் 2 புள்ளிகளுக்குள் இருக்க வேண்டும். அகலப் பலகை பார்க்க எடுப்பாக இருக்கும் என்பதற்காகவே பலரும் அதைக் கேட்கிறார்கள். அகலம் கூடக்கூட ஈரத்துக்கு அது ஆடும் ஆட்டமும் கூடும் என்பதைக் கடைக்காரர் சொல்லாமல் விட்டுவிடலாம்.

அடித்தரை கான்கிரீட் என்றால் இன்னும் கவனம் வேண்டும். மேலே தொட்டால் உலர்ந்திருக்கும், உள்ளே ஈரம் தங்கியிருக்கும். ஒரு அங்குல கனத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் உலர வேண்டும் என்பது தொழிலில் சொல்லும் பொதுக்கணக்கு. 4 அங்குலத் தளத்துக்கு நாலு மாதம். ஆனால் அது வெறும் கணக்குதான். தளத்தில் சிறு துளை போட்டு, உள்ளே உணர்கருவி வைத்து ஈரப்பதத்தை அளப்பதே நம்பகமான வழி. கையால் தடவிப் பார்த்து "காய்ந்துவிட்டது, நாளைக்கே ஆரம்பிக்கலாம்" என்பவரை நான் வேலைக்கு வைக்க மாட்டேன்.

"பலகையை மூணு நாள் வீட்டுக்குள் வைத்தால் போதும், பழகிவிடும்" என்று சொல்வதையும் அப்படியே ஏற்க வேண்டாம். நாள் கணக்கை மரம் பார்ப்பதில்லை. சுவர்ப்பூச்சு காயாத அறையில், பெயிண்ட் வேலை நடந்துகொண்டிருக்கும் வீட்டில், பலகையைப் பத்து நாள் வைத்தாலும் அது ஈரத்தைத்தான் குடிக்கும். முதலில் தண்ணீர் சேரும் வேலை எல்லாம் முடிய வேண்டும். அப்புறம் ஏசியோ ஹீட்டரோ எது வழக்கமாக ஓடுமோ அதை ஓடவிட்டு, மனிதர் குடியிருக்கும் நிலைக்கு அறையைக் கொண்டுவர வேண்டும். அதன் பிறகே பலகை உள்ளே வரலாம். பழகிவிட்டதா என்பதை மீட்டர் சொல்லட்டும்.

எனக்கு நெருங்கிய உறவினர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சமையலறைக் குழாய் கசிந்து, பக்கத்து அறைத் தரைப் பலகைகள் கிண்ணம்போல் குழிந்து ஓரங்கள் தூக்கிவிட்டன. வந்த ஒப்பந்ததாரர் அதே வாரத்தில் இயந்திரம் வைத்துத் தேய்த்து மட்டமாக்கிக் கொடுத்தார். கண்ணாடிபோல் இருந்தது. மூன்று மாதத்தில் ஒவ்வொரு பலகையும் நடுவில் முதுகு தூக்கிக்கொண்டது. காரணம் எளிது. பலகையின் அடிப்பக்கம் ஈரத்தில் விரிந்திருந்ததால்தான் ஓரங்கள் தூக்கின. அந்த நிலையிலேயே ஓரங்களைத் தேய்த்து எடுத்துவிட்டார்கள். அடிப்பக்கம் காய்ந்து பலகை தன் பழைய வடிவத்துக்குத் திரும்பியபோது ஓரங்களில் மரம் குறைந்துபோயிருந்தது. கசிவை நிறுத்திவிட்டு, மீட்டர் பழைய அளவைக் காட்டும் வரை காத்திருந்தால், பெரும்பாலான பலகைகள் தாமாகவே இறங்கியிருக்கும். சில வாரப் பொறுமை போதுமாயிருந்த இடத்தில் அவர்கள் ஒரு முழு அறையை மாற்ற வேண்டியதாயிற்று. அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

தேய்க்க மரம் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்காதது

பழைய தரையைப் புதுப்பிக்க வருபவர், பார்த்த மாத்திரத்தில் "முழுசாகத் தேய்த்துவிடலாம்" என்றால் கொஞ்சம் நிறுத்துங்கள். 18, 19 மில்லிமீட்டர் கனமுள்ள முழுமரப் பலகையில், ஒன்றோடொன்று கோக்கும் நாக்குக்கு மேலே தேய்க்கக் கிடைப்பது சுமார் 6 மில்லிமீட்டர்தான். ஒவ்வொரு முழுத் தேய்ப்பிலும் அதில் அரை மில்லிமீட்டரோ அதற்கு மேலோ போய்விடும். என்ஜினியர்டு பலகை, அதாவது ஒட்டுப்பலகை மேல் மெல்லிய நல்ல மரம் ஒட்டிய பலகை என்றால், அந்த மேல்மரம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கலாம், 6 மில்லிமீட்டராகவும் இருக்கலாம். 2 மில்லிமீட்டருக்குக் கீழே உள்ளதைப் பெரிய இயந்திரத்தால் தேய்த்தால் அடியிலிருக்கும் ஒட்டுப்பலகை வெளியே வந்துவிடும். அப்படி ஆனால் சரிசெய்ய வழியில்லை. வாசற்படி ஓரத்திலோ காற்றுத்துளை மூடியைக் கழற்றியோ பலகையின் குறுக்குவெட்டைப் பார்த்தால் எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துவிடும். அதைப் பார்க்காமலேயே விலை சொல்பவர் ஊகத்தில் சொல்கிறார்.

தரையில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்துப்போல் நின்றால் பூச்சு இன்னும் உயிரோடு இருக்கிறது. உள்ளே இறங்கி மரம் கருத்தால் பூச்சு போய்விட்டது. முதல் நிலையில் மேலாகச் சொரசொரப்பாக்கி இன்னொரு பூச்சு கொடுத்தாலே போதும். செலவும் தூசியும் வெகுவாகக் குறையும், மரமும் தேயாது. ஒரே ஒரு விஷயம், இத்தனை வருடம் என்ன போட்டுத் துடைத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மெழுகோ சிலிக்கோன் கலந்த பாலிஷோ பட்ட தரையில் புதுப்பூச்சு ஒட்டாது.

பழைய வீடாக இருந்தால் தேய்க்கும் முன் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பழைய பெயிண்டில் ஈயமும், பழைய வினைல் ஓடுகளிலும் அவற்றின் கறுப்புப் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கக்கூடும். பரிசோதிக்காமல் இயந்திரத்தை ஓடவிட்டால் அந்தத் தூள் வீடு முழுக்கப் பரவும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதில் எந்தச் சமரசமும் கூடாது.

மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிடுவது

மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்குவது நல்லதுதான். ஆனால் ஒருவர் இரண்டு பூச்சுக்குச் சொல்லியிருப்பார், இன்னொருவர் மூன்றுக்கு. ஒருவர் சாமான்களை நகர்த்துவது, ஸ்கர்டிங் எனும் சுவரடிப் பட்டியைக் கழற்றி மாட்டுவது, கதவின் அடிப்பக்கம் அறுப்பது எல்லாம் சேர்த்திருப்பார், இன்னொருவர் அவற்றைப் பற்றி மூச்சே விட்டிருக்க மாட்டார். கடைசியில் குறைந்த விலைக்காரர்தான் அதிகம் வாங்கியிருப்பார். எந்த மரம், எவ்வளவு கனம், ஆணி அடிப்பதா, பசையில் ஒட்டுவதா, இரண்டும் இல்லாமல் மிதக்கவிடுவதா, எந்தெந்த நம்பர் உப்புத்தாள், எந்த வகைப் பூச்சு, எத்தனை தடவை, குப்பையை யார் எடுப்பது என்று மூவரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

பிற்பாடு தொகை எகிறுவது பெரும்பாலும் அடித்தரையில்தான். பழைய தரையைப் பெயர்த்த பிறகு, "கீழே மட்டமில்லை, இதற்குத் தனியாக ஆகும்" என்பார்கள். பெயர்த்துப்போட்ட வீட்டில் உட்கார்ந்து பேரம் பேச யாராலும் முடியாது. 3 மீட்டர் நீளத்துக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் மேடுபள்ளம் இருக்கக் கூடாது என்பது பரவலான அளவுகோல். அதைச் சரிசெய்ய வேண்டிவந்தால் என்ன கணக்கில் கூலி என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பேச வருபவர் ஒருவர், வேலைக்கு வருபவர்கள் வேறு என்பதும் சாதாரணம். இயந்திரத்தைப் பிடிக்கப்போவது யார், அவர் எத்தனை வருடமாக இதைச் செய்கிறார் என்று கேட்பதில் தப்பே இல்லை. முன்பு செய்த வேலையைக் காட்டச் சொன்னால் போன மாதம் முடித்த வீட்டைக் காட்டுவார்கள். நீங்கள் இரண்டு வருடத்துக்கு முந்தைய வேலையைக் கேளுங்கள். எல்லாப் பருவத்தையும் கடந்த தரைதான் சாட்சி சொல்லும். வேலையாட்களுக்குக் காயம் பட்டாலோ தண்ணீர்க் குழாய் உடைந்தாலோ பொறுப்பேற்கும் காப்பீடு அவரிடம் இருக்கிறதா என்பதையும் ஆவணத்தோடு பார்த்துவிடுங்கள்.

பூச்சை அவசரப்படுத்துவது

தேய்ப்பில் 36 அல்லது 40 நம்பர் சொரசொரப்பான உப்புத்தாளில் தொடங்கி 60, 80, 100 என்று படிப்படியாக நைசான தாளுக்கு வர வேண்டும். நடுவில் படிகளைத் தாண்டினால் முதல் தாள் போட்ட கீறல் அப்படியே தங்கிவிடும். வெறும் மரத்தில் அது தெரியாது. சாயமோ பூச்சோ பட்டதும் பளிச்சென்று தெரியும். சுவர் ஓரங்களில் சிறு இயந்திரம் விடும் சுருள் சுருளான தடங்களும் அப்படித்தான். சாயம் ஏற்றும் முன், பகல் வெளிச்சத்தில் தரையைப் பார்க்க அரை மணி நேரம் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடலாம். சாயத்தின் நிறத்தையும் அட்டையில் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், உங்கள் தரையிலேயே ஒரு மூலையில் தடவச் சொல்லிப் பகலிலும் இரவு விளக்கிலும் பாருங்கள்.

எண்ணெய் சார்ந்த பாலியூரிதேன் பூச்சு மரத்துக்கு மஞ்சள் கலந்த செம்மை தரும், வாடை கடுமையாக இருக்கும், ஒரு பூச்சு உலரவே பெரும்பாலும் ஒரு நாள் ஆகும். நீர் சார்ந்தது நிறத்தை அவ்வளவாக மாற்றாது, சில மணி நேரத்தில் உலரும். ஆனால் உலர்வது வேறு, இறுகுவது வேறு. முழுதாக இறுக நீர் சார்ந்ததுக்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ, எண்ணெய் சார்ந்ததுக்கு ஒரு மாதம்வரையோ ஆகலாம். அதற்குள் கம்பளம் விரிப்பதும் கனமான அலமாரியை இழுப்பதும் தடம் விழ வைக்கும். வீட்டில் விசேஷம் வைத்துக்கொண்டு அதற்கு முந்தின வாரம் பூச்சு வேலை வைக்காதீர்கள்.

எண்ணெய் அல்லது எண்ணெய்ச் சாயம் தோய்ந்த துணிகளைப் பந்தாகச் சுருட்டி மூலையில் போட்டால், அவை தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கும். இதில் மிகைப்படுத்தல் எதுவும் இல்லை. தேய்த்த தூள் நிறைந்த பையும் அப்படிப் புகைய ஆரம்பிக்கலாம். மாலையில் ஆட்கள் கிளம்பும்போது துணிகளைத் தண்ணீர் ஊற்றிய மூடியுள்ள இரும்பு டப்பாவில் போட்டு, தூள் பையை வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டுத்தான் போகிறார்களா என்று நீங்களே பாருங்கள்.

ஸ்கர்டிங் மூடும் முன் பார்க்காதது

சுவரை ஒட்டி 10 முதல் 19 மில்லிமீட்டர்வரை, பலகையின் வகைக்கும் கனத்துக்கும் ஏற்ப, இடைவெளி விட்டிருக்க வேண்டும். மரம் விரிவதற்கான இடம் அது. ஸ்கர்டிங் மூடிவிட்டால் இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. மூடும் முன் ஒரு டேப்போடு சுற்றி வந்து நான்கு சுவரும் அளந்து, போட்டோ எடுத்து வையுங்கள். கதவு நிலையடியும் தூண்களைச் சுற்றியும் மறந்துபோகும் இடங்கள்.

குறையுள்ள பலகைகளையும் பதிக்கும் முன்பே ஒதுக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரிந்த குறையோடு பதித்துவிட்டால், பொதுவாகத் தயாரிப்பாளர்கள் அதைப் பிறகு மாற்றித் தருவதில்லை. 5 முதல் 10 சதவீதம் கூடுதலாக வாங்கினால் இப்படி ஒதுக்கவும் வெட்டுக்கழிவுக்கும் சரியாக இருக்கும். குறுக்குச்சாய்வாகப் பதிப்பதானால் இன்னும் கொஞ்சம் வேண்டும்.

கடைசித் தவணையைப் பூச்சு உலர்ந்து, நீங்கள் பகலில் நின்று நடந்து பார்த்த பிறகு கொடுங்கள். எஞ்சிய பலகைகளில் ஒரு கட்டு அளவுக்கு வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு பலகை கெட்டாலும் அதே நிறமும் அதே நாக்கு காடியும் கடையில் கிடைப்பது அரிது. கூடவே ஒப்பந்தம், பூச்சின் பெயர், போட்டோக்கள், முதல் நாள் எழுதி வாங்கிய ஈர அளவுகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். எப்போதாவது ஓரம் தூக்கினால், அதே இடத்தில் மறுபடி மீட்டரை வைத்து அந்தப் பழைய எண்ணோடு ஒப்பிட்டுத்தான் ஒப்பந்ததாரரோடு பேச்சைத் தொடங்க முடியும்.