முதல் தலைமுறைக் கமாரோவில் ஆறு கியர் பெட்டி: தரை டனலை வெட்டி உயர்த்தும் முறை

1967 முதல் 1969 வரையிலான மாடல்களாக வந்த முதல் தலைமுறை ஷெவர்லே கமாரோவில், கையால் மாற்றும் கியர் பெட்டிகளுக்கு மூன்று அல்லது நான்கு கியர்களே இருந்தன. அவற்றுள் இன்றும் மதிக்கப்படும் மன்சி நான்கு கியர் பெட்டியிலும் கடைசிக் கியரின் விகிதம் 1:1 தான். பின் அச்சில் 3.73 விகிதமும் 26 அங்குல விட்டமுள்ள டயர்களும் கொண்ட ஒரு காரை மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால், என்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 3,100 முறை சுழலும். அதே காரில் டிரெமெக் நிறுவனத்தின் டி-56 மேக்னம் ஆறு கியர் பெட்டியைப் பொருத்தி, 0.63 விகிதமுள்ள ஆறாவது கியரில் சென்றால், 2,000-க்குச் சற்றுக் குறைந்த சுழற்சியே போதும். ஆனால் அந்தப் பெட்டி மன்சியைவிட உயரமும் அகலமும் கூடியது. தரைத்தகட்டின் நடுவே மேடாக ஓடும் டனல் அதற்கு இடம் தராது. ஆகவே டனலை வெட்டி உயர்த்த வேண்டியிருக்கிறது.

இந்த வேலையில் பலரும் தேடும் குறுக்குவழி, டனலைத் தொடாமல் கியர் பெட்டியின் வால்பகுதியைக் கீழே இறக்கிப் பொருத்துவதாகும். பெட்டி உள்ளே நுழைந்துவிடும், கியர்களும் விழும். கோளாறு சாலையில்தான் தெரியும். கியர் பெட்டியிலிருந்து வெளிவரும் தண்டின் அச்சும் பின் அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியலுக்குள் சுழற்சியைக் கொண்டுசெல்லும் பினியன் தண்டின் அச்சும் பக்கத்திலிருந்து பார்க்கும்போது ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால்தான், அவ்விரண்டையும் இணைக்கும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள யுனிவர்சல் ஜாயிண்டுகள் (கோணத்தில் மடங்கியபடியே சுழலும் இணைப்புகள்) உண்டாக்கும் வேக ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்யும். ஒவ்வொரு ஜாயிண்டின் கோணமும் 1 முதல் 3 டிகிரிக்குள் இருப்பதும், இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு 1 டிகிரியைத் தாண்டாதிருப்பதும் நல்லது. வால்பகுதி தாழ்ந்தால் இந்தக் கணக்கு குலையும். வேகம் கூடக் கூடத் தரை அதிரும், ஜாயிண்டின் ஊசி பேரிங்குகள் விரைவில் தேயும். ஆகவே முதலில் என்ஜினும் கியர் பெட்டியும் சரியான கோணத்தில் நிற்கட்டும். டனல் அவற்றுக்கு ஏற்ப மாறட்டும். இந்த வரிசையை எக்காரணம் கொண்டும் தலைகீழாக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

வெட்டத் தொடங்குவதற்கு முன், ஆறு கியர்கள் உண்மையில் தேவையா என்பதையும் எண்ணிப் பாருங்கள். அதே டிரெமெக்கின் டி.கே.எக்ஸ் ஐந்து கியர் பெட்டி பழைய கார்களின் டனலை மனத்தில் வைத்தே மேல் மூலைகள் ஒடுங்கியதாக வடிவமைக்கப்பட்டது. கமாரோ போன்ற கார்களில் அது வெட்டு இல்லாமலோ சிறு தட்டல்களோடோ அமர்ந்துவிடும். நெடுஞ்சாலையில் அமைதியாகச் செல்வது மட்டுமே நோக்கமானால் அதுவே போதும். 600 பவுண்டு-அடி டார்க்கை (முறுக்குவிசையை) தாங்கும் அந்தப் பெட்டிக்கு மேல், 700 பவுண்டு-அடி தாங்கும் மேக்னம் உங்கள் என்ஜினுக்கு வேண்டியிருந்தாலோ, ஆறு கியர்களுக்குரிய நெருக்கமான படிகள் வேண்டியிருந்தாலோ மட்டும் தகட்டில் கைவையுங்கள்.

கமாரோவுக்கே உரிய ஒரு சிக்கலை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தக் காருக்கு முழு நீளச் சேசிஸ் கிடையாது. என்ஜினையும் கியர் பெட்டியையும் தாங்குவது முன்புறத் துணைச் சட்டம். அது கேபினின் அடியில் இடையே மெத்தைபோல் அமையும் நான்கு ரப்பர் புஷ்களின் வழியாகப் பாடியோடு போல்ட்டால் இணைக்கப்பட்டிருக்கிறது. டனலோ பாடியின் பகுதி. அரை நூற்றாண்டைக் கடந்த ரப்பர் நசுங்கியிருந்தால், பாடி துணைச் சட்டத்தின் மீது இறங்கியிருக்கும். அதோடு டனலும் கியர் பெட்டியை நோக்கி இறங்கியிருக்கும். அந்த நிலையில் அளவெடுத்து வெட்டிவிட்டுப் பிறகு புது புஷ்களைப் போட்டால், எடுத்த அளவுகள் அனைத்தும் பொய்யாகும். எனவே ரப்பரோ அலுமினியமோ, கடைசிவரை காரில் இருக்கப்போகும் புஷ்களை முதலில் மாற்றித் துணைச் சட்டத்தைப் பாடியோடு நேராக நிறுத்திவிட்டுத்தான் அளவுநாடாவை எடுக்க வேண்டும். என்ஜின் மவுண்டுகளுக்கும் இதே விதி பொருந்தும்.

அடுத்து, பேட்டரியையும் எரிபொருள் டேங்கையும் கழற்றுங்கள். இருக்கைகள், கம்பளம், கன்சோல் ஆகியவற்றை வெளியேற்றி, டனலின் மேலுள்ள தார்போன்ற ஒலித்தடுப்புப் படலத்தையும் வெட்டுக்கோட்டைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குச் சுரண்டி எடுங்கள். வெல்டிங் சூட்டில் எளிதில் தீப்பிடிப்பது அதுதான். அடியில் பிரேக் குழாய், எரிபொருள் குழாய், கைபிரேக் கேபிள், ஒயர்கள் என எது ஓடினாலும் கழற்றியோ விலக்கியோ வையுங்கள். கார் நான்கு சக்கரங்களிலோ, பின் அச்சின் அடியிலும் துணைச் சட்டத்தின் அடியிலும் வைத்த உறுதியான ஸ்டாண்டுகளிலோ மட்டமாக நிற்க வேண்டும். சஸ்பென்ஷன் தொங்கும்படி பாடியைத் தூக்கிவைத்தால் பினியன் கோணம் தவறாகத் தெரியும்.

இப்போது என்ஜினின் பிளாக்கையும், கிளட்ச்சை மூடும் கூடான பெல் ஹவுசிங்கையும், கியர் பெட்டியையும் இணைத்துக் காரில் ஏற்றுங்கள். வால்பகுதியை ஜாக்கியால் மெல்ல உயர்த்தினால் டனலின் உட்புறத்தில் எங்கோ ஓரிடத்தில் முதலில் முட்டும். அந்த இடத்தைச் சாக்குக்கட்டியால் குறித்து, ஒரு சிறு துண்டு மட்டும் வெட்டியெடுத்து, மீண்டும் உயர்த்துங்கள். பின் அச்சின் பினியன் 3 டிகிரி மேல்நோக்கியிருந்தால், என்ஜினும் பெட்டியும் 3 டிகிரி கீழ்நோக்கிச் சாயும்வரை இதைத் தொடர வேண்டும். கோணமானியைக் கியர் பெட்டி வெளித்தண்டின் முனையிலோ, என்ஜினின் இயந்திர வேலை செய்த முகத்திலோ வைத்துப் பாருங்கள். வார்ப்புக் கூட்டின் மேற்பரப்பை நம்ப வேண்டாம். பெரிய துண்டாக ஒரே மூச்சில் வெட்டினால் வேலை சீக்கிரம் முடியும் என்று தோன்றும். ஆனால் அப்படி வெட்டியவர்கள், தேவைக்கு மேல் அகலமான துளையை மூடுவதற்கே அதிக நேரம் செலவிடுகிறார்கள்.

பெட்டி உரிய உயரத்தை அடைந்தபின் சுற்றிலும் இடைவெளி விடுங்கள். பொதுவாக 12 முதல் 15 மில்லிமீட்டர் போதும். ஓட்டுநர் அமரும் இடப்புறத்தின் மேல்மூலையில் மட்டும் 20 முதல் 25 மில்லிமீட்டர் விட வேண்டும். ஏனெனில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது என்ஜினும் பெட்டியும் ஒன்றாக வலப்புறம் சாய, இடப்புறம் மேலெழும். ரிவர்ஸ் லாக்அவுட் சொலினாய்டு (தவறுதலாக ரிவர்ஸ் விழாமல் தடுக்கும் மின்பூட்டு) போன்று பக்கவாட்டில் துருத்தும் பாகங்களுக்கும் அவற்றின் ஒயர் இணைப்பிகளைக் கையால் பிடித்துக் கழற்றுவதற்கும் இடம் வேண்டும். கியர் லீவர் எல்லாக் கியர்களிலும், குறிப்பாக ரிவர்ஸில், துளையின் விளிம்பைத் தொடாமல் செல்கிறதா என்று பாருங்கள்.

மேலேயும் ஒரு கண் இருக்கட்டும். டனலை உயர்த்தினால் ஹீட்டர் பெட்டியின் அடிப்பகுதி, டேஷ்போர்டின் கீழ்விளிம்பு, கன்சோல் ஆகியவை இடிக்கக்கூடும். முன்னிருக்கைகள் டனலின் ஓரத்தை உரசாமல் முன்பின் நகர வேண்டும். சீட் பெல்ட்டின் உட்புற நங்கூரங்கள் வெட்டுக்கோட்டுக்கு அருகே வந்தால் வெட்டுக்கோட்டை மாற்றுங்கள். மாற்றவே முடியாவிட்டால், அடியில் தடித்த எஃகுத் தகடு வைத்து, 7/16 அங்குல உயர்வலிமைப் போல்ட்டுக்குரிய நட்டை அதில் வெல்டு செய்து நங்கூரத்தைப் புதிதாக அமைக்க வேண்டும். இது உயிரைக் காக்கும் பாகம். மெல்லிய தகட்டில் வாஷர் போட்டு முடிப்பது எனக்கு ஒருபோதும் ஏற்புடையதல்ல.

டனல் என்பது வெறும் மூடி அல்ல. தரைக்கு முறுக்குவலிமை தருவது அதன் மேடான வடிவமே. எனவே பெரிய துளை விழுவதற்கு முன்பே கதவு இடைவெளிகளை அளந்து குறித்துக்கொண்டு, கதவுச் சட்டங்களுக்கு இடையே தற்காலிகமாக ஒரு குழாயைக் குறுக்கே பொருத்துங்கள். கூரையற்ற கன்வெர்டிபிள் மாடலில் சுமை பெரும்பாலும் தரையின் மீதே விழுவதால் அங்கே இது கட்டாயம். டனலும், என்ஜினையும் கேபினையும் பிரிக்கும் முன்சுவரும் சேரும் ஸ்பாட் வெல்டு மடிப்பைக் கூடியவரை வெட்டாமல் விட்டுவிடுங்கள்.

புதுத் தகட்டுக்கு 18 கேஜ், அதாவது ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் எஃகு பொருத்தமானது. துத்தநாகம் பூசிய தகட்டைத் தவிர்க்கலாம். வெல்டிங்கில் எழும் அதன் புகை உடலுக்குத் தீங்கானது. முதலில் அட்டையில் வார்ப்புரு வெட்டிப் பொருத்திப் பார்த்து, பிறகு தகட்டை வளைப்பது விரயத்தைத் தடுக்கும். வளைவு அதிகமான இடங்களில் ஒரே தகட்டை வற்புறுத்தி வளைப்பதைவிட, இரண்டு மூன்று துண்டுகளாகச் செய்து இணைப்பது எளிது. இந்தக் காருக்கென்றே அச்சில் அழுத்தி வடித்த உயரமான டனல் தகடுகளும் விற்பனைக்கு உண்டு. தகடு வளைத்துப் பழக்கமில்லாதவர்கள் அவற்றை வாங்குவதே நல்லது.

விளிம்புகளைப் பளபளப்பாகத் தேய்த்து, 0.6 மில்லிமீட்டர் கம்பியும் 75 சதவீத ஆர்கான், 25 சதவீத கார்பன் டை ஆக்சைடு வாயுக்கலவையும் கொண்ட மிக் வெல்டிங்கில், இரண்டு மூன்று அங்குலத்துக்கு ஒன்றாகப் புள்ளிகள் வையுங்கள். ஒரு பக்கம் ஒரு புள்ளி, எதிர்ப்பக்கம் ஒரு புள்ளி என்று மாறி மாறி இடைவெளியை நிரப்பினால் தகடு நெளியாது. தொடர்ச்சியாக ஒரே கோட்டில் ஓட்டினால் நிச்சயம் நெளியும். ஒருவர் வெல்டு செய்யும்போது இன்னொருவர் தீயணைப்பானோடு காரின் அடியைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். எல்லாப் புள்ளிகளும் இணைந்தபின், இருட்டில் அடியிலிருந்து விளக்கடித்துப் பாருங்கள். ஒளி கசியும் ஊசித்துளை ஒவ்வொன்றும் புகையும் நீரும் கேபினுக்குள் வரும் வழி.

வெல்டுகளைத் தேய்த்து, இருபுறமும் எபாக்சி பிரைமர் பூசி, மூட்டுகளில் சீம் சீலர் இட்டு, அடியில் பாதுகாப்புப் பூச்சும் உள்ளே வெப்பத்தடுப்பு விரிப்பும் போடுங்கள். எக்ஸாஸ்ட் குழாய் டனலை ஒட்டிச் சென்றால் இடையே ஒரு வெப்பக்கவசத் தகடும் வேண்டும்.

புரொப்பெல்லர் ஷாஃப்டுக்கான அளவைக் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும். பெட்டியின் பின்பகுதியைத் தாங்கும் குறுக்குச் சட்டமான புதுக் க்ராஸ் மெம்பரில் பெட்டி இறுதியாக அமர்ந்து, கார் தன் எடையில் நிற்கும்போது, ஷாஃப்டின் முன்முனையில் பெட்டிக்குள் முன்பின் நகரும் வழுக்கு யோக் முழுவதும் உள்ளே போன நிலையிலிருந்து 20 முதல் 25 மில்லிமீட்டர் வெளியே இருக்கும்படி ஷாஃப்டின் நீளத்தை அளந்து கொடுங்கள். ஸ்பீடோமீட்டருக்குக் கவலை வேண்டாம். மேக்னம் பெட்டியில் பழைய கேபிளுக்கும் மின்னணு சென்சாருக்கும் இடம் இருக்கிறது. கம்பளத்தை விரிப்பதற்கு முன் டனலின் உட்புற மேல்மூலைகளில் களிமண் உருண்டைகளை ஒட்டி, காரை வேகம் கூட்டியும் குறைத்தும் கொஞ்ச தூரம் ஓட்டிவாருங்கள். எந்த உருண்டையாவது 6 மில்லிமீட்டருக்குக் கீழே நசுங்கியிருந்தால், அந்த இடத்தை இன்னும் தட்டி உயர்த்திய பின்னரே கம்பளத்தை விரிக்க வேண்டும்.