கற்பனைப் பரிமாற்றங்கள்: ஹாக்கி ரசிகர்களின் கணக்கு எங்கே உதைக்கிறது?

ஜூலை 1 கனடா தினம். பனி ஹாக்கி ரசிகர்களுக்கு அதே நாளில் இன்னொரு திருவிழாவும் உண்டு. ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் விரும்பிய அணியில் சேரலாம் என்று வட அமெரிக்காவின் பனி ஹாக்கி லீக்கான என்.எச்.எல். சந்தை திறப்பது அன்றுதான். அதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே ஒவ்வொரு ரசிகரும் தன் அணிக்குப் பொது மேலாளர் ஆகிவிடுகிறார். இவரை அனுப்பலாம், அவரை வாங்கலாம், மிச்சப் பணத்தில் ஒரு நல்ல தடுப்பாட்டக்காரரைப் பிடிக்கலாம் என்று பட்டியல்கள் பிறக்கின்றன. கூட்டிப் பார்த்தால், ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைத்திருக்கும் உச்சவரம்புக்குள் அடங்கும். அடங்கிவிட்டதால் நடக்கும் என்று நம்புவதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய். கூட்டல் கழித்தல் இந்த விளையாட்டின் மிக எளிய பகுதி. எதிர்ப்பக்கத்தில் இன்னோர் அணி இருக்கிறது, நடுவில் ஒரு வீரர் இருக்கிறார். பட்டியல் போடுபவர் இந்த இருவரையும் கேட்பதே இல்லை.

அடிப்படையை முதலில் சொல்லிவிடலாம். 2004-05 பருவம் முழுவதையும் விழுங்கிய கதவடைப்புக்குப் பிறகு வந்தது இந்த உச்சவரம்பு. 2005-06இல் ஓர் அணிக்கு 39 மில்லியன் டாலர். 2025-26இல் 95.5 மில்லியன். கனடிய அணிகளுக்கும் கணக்கு அமெரிக்க டாலரில்தான். என்.பி.ஏ. கூடைப்பந்தில் கூடுதல் வரி கட்டிவிட்டு வரம்பைத் தாண்டலாம். ஹாக்கியில் அந்த வழி இல்லை. ரொக்கம் கொடுத்து வீரரை வாங்கவும் முடியாது. 1988 ஆகஸ்டில் வெய்ன் கிரெட்ஸ்கியை லாஸ் ஏஞ்சலஸுக்கு அனுப்பிய எட்மண்டன், வீரர்களோடும் டிராஃப்ட் தேர்வுகளோடும் (புதிய இளம் வீரர்களை வரிசைப்படி எடுக்கும் உரிமை; கடைசியில் வரும் அணிக்கு முன்வரிசை) 15 மில்லியன் டாலரையும் வாங்கிக்கொண்டது. இன்று அந்த 15 மில்லியன் செல்லாது. 2023இல் ஹார்திக் பாண்டியா முழுக்கப் பணத்துக்கே குஜராத்திலிருந்து மும்பைக்குப் போனதைப் பார்த்த ஐ.பி.எல். ரசிகர் ஹாக்கிப் பக்கம் வந்தால் முதலில் திகைப்பது இந்த இடத்தில்தான்.

மூன்று சுமார் சேர்ந்தால் ஒரு நட்சத்திரமா?

ரசிகர் பட்டியல்களில் அதிகம் தென்படும் வடிவம் இது: நம்மிடம் மிஞ்சியிருக்கும் மூன்று நடுத்தர வீரர்கள், கூடவே ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வு, பதிலுக்கு அவர்களின் முதல்தர மையக்காரர். மதிப்பெண் போட்டுக் கூட்டினால் இரு பக்கமும் சமம்தான். ஆனால் ஓர் ஆட்டத்தில் இறங்குவது 18 ஆட்டக்காரர்களும் இரண்டு கோலிகளும் மட்டுமே. இடம் குறைவாக இருக்கும்போது, ஒரே இடத்தில் அதிகம் தருபவருக்கே விலை. மூன்று சுமாரான வீரர்களை வாங்கும் அணி, அவர்களுக்காக வேறு இருவரை வெளியே தள்ளவும் வேண்டும்.

2005 நவம்பரில் பாஸ்டன் இதைச் செய்தே பார்த்தது. ஜோ தோர்ன்டனை சான் ஹோசேவுக்குக் கொடுத்து மார்க்கோ ஸ்டர்ம், பிராட் ஸ்டூவர்ட், வெய்ன் பிரிமோ மூவரையும் பெற்றது. தோர்ன்டன் அதே பருவத்தில் லீக்கிலேயே அதிகப் புள்ளிகள் (அடித்த கோலும், கோலுக்குச் செய்த உதவியும் சேர்ந்த கணக்கு) எடுத்து, மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் கோப்பையையும் வென்றார். ஆகவே உங்கள் பட்டியலைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அந்த நட்சத்திரம் உங்கள் அணியில் இருந்து, அதே மூவரை எதிர் அணி நீட்டினால் என்ன சொல்வீர்கள்? பெரும்பாலும் அச்சில் ஏற்ற முடியாத பதில் வரும்.

வீரரைக் கேட்டீர்களா?

டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் ரசிகர்களைப் போல இந்தக் கேள்வியை மறந்தவர்கள் இல்லை. ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கத்துத் தமிழ் வீடுகளிலும் அந்த நீல வெள்ளைச் சட்டை உண்டு. 1967க்குப் பிறகு லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை வராத ஏக்கத்தில் அவர்களுக்கும் பங்குண்டு. 2024-25இல் ஆஸ்டன் மாத்யூஸ், வில்லியம் நைலாண்டர், ஜான் டவாரெஸ், மிட்ச் மார்னர் நால்வருக்கும் சேர்த்து ஏறத்தாழ 46.65 மில்லியன். அந்த ஆண்டின் மொத்த வரம்பே 88 மில்லியன்தான். பாதிக்கு மேல் நான்கு பேருக்கே போய்விட்டால் மற்றவர்களுக்கு எதைக் கொடுப்பது? ஒருவரை அனுப்பிவிட்டுத் தடுப்பாட்டத்தைப் பலப்படுத்தலாம் என்ற யோசனை அதனால் ஆண்டுதோறும் முளைத்தது. யோசனையில் பிழை இல்லை. ஆனால் நால்வரின் ஒப்பந்தத்திலும், அவர்கள் சம்மதிக்காமல் வேறு அணிக்கு அனுப்ப முடியாது என்ற விதி இருந்தது.

2025 மார்ச்சில் அந்த விதி தன் வேலையைக் காட்டியது. கரோலினா அணி மிக்கோ ரன்டனனை ஜனவரியில்தான் வாங்கியிருந்தது. அவர் அங்கே நீண்ட ஒப்பந்தத்துக்கு இசையவில்லை. மார்னரைக் கொடுத்தால் அவரைத் தரலாம் என்ற பேச்சு எழுந்தது. காகிதத்தில் அழகான பரிமாற்றம். இரு பக்கமும் நட்சத்திரம், இரு பக்கமும் முடியப்போகும் ஒப்பந்தம். மார்னர் சம்மதிக்கவில்லை, கதை அங்கேயே முடிந்தது. ரன்டனன் டாலஸுக்குப் போய் ஆண்டுக்கு 12 மில்லியன் வீதம் எட்டு ஆண்டுகளுக்குக் கையெழுத்திட்டார். கரோலினாவுக்கு லோகன் ஸ்டான்கோவனும் நான்கு டிராஃப்ட் தேர்வுகளும் கிடைத்தன.

அந்த ஜூன் 30ஆம் தேதி மார்னரும் போனார், வேகாஸுக்கு, தனக்குப் பிடித்த இடத்துக்கு. டொராண்டோ பெற்றது நிக்கோலா ருவா ஒருவரை. சில ஆண்டுகளாக ரசிகர்கள் வரைந்த பட்டியல்களில் மார்னருக்கு ஈடாக இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளும் ஓர் இளம் தடுப்பாட்டக்காரரும் வந்துகொண்டே இருந்தார்கள்! மறுநாள் சும்மாவே வெளியேறப் போகிறவரை அனுப்பி ஒருவரையாவது பெற முடிந்ததற்கு அன்றைய விதிதான் காரணம்: எட்டாண்டு ஒப்பந்தத்தைச் சொந்த அணி மட்டுமே தரலாம், வெளி அணியால் ஏழுதான் முடியும். அந்த எட்டாவது ஆண்டைத்தான் டொராண்டோ விற்றது. 2026 செப்டம்பரில் தொடங்கும் புதிய ஒப்பந்த விதிகளில் எட்டு ஏழாகவும், ஏழு ஆறாகவும் குறைகின்றன. பழைய எண்களை வைத்துக் கனவு காண்பவர்கள் கவனிக்க வேண்டும்.

வரியும் உண்டு. ஃபுளோரிடா, டெக்சாஸ், நெவாடா, டென்னசி, வாஷிங்டன் மாநிலங்களில் சம்பளத்தின் மீது மாநில வருமான வரி இல்லை. அதே 10 மில்லியன் மொன்ரியாலில் கையில் வேறு, ஃபுளோரிடாவின் டாம்பாவில் வேறு. ஃபுளோரிடா அணிகளுக்கு எல்லாரும் மலிவாக வருகிறார்கள் என்று பொருமும் கனடிய ரசிகர், அதே வீரரை அதே தொகைக்கு வினிபெக்குக்கு வரவழைத்துப் பட்டியல் போடுவது எனக்கு எப்போதும் வேடிக்கை.

“பாதியை அவர்களே சுமக்கட்டும்”

கணக்கு இடிக்கும்போதெல்லாம் ரசிகர் கை நீளும் இடம் இது. விற்கும் அணி ஒரு வீரரின் சம்பளத்தில் அதிகபட்சம் 50 சதவீதத்தைத் தன் கணக்கிலேயே வைத்துக்கொள்ளலாம். உண்மைதான். ஆனால் ஓர் அணி ஒரே நேரத்தில் மூன்று ஒப்பந்தங்களுக்கு மட்டுமே அப்படிச் செய்ய முடியும். ஒப்பந்தத்தின் மிச்சக் காலம் முழுவதும் அது தொடரும். ரன்டனன் கரோலினாவுக்குப் போனபோது அவருடைய 9.25 மில்லியனில் பாதியை இடையில் நின்று சிகாகோ சுமந்தது. ஒப்பந்தத்தில் சில மாதங்களே மிச்சம் இருந்ததாலும், சிகாகோவிடம் இடம் தாராளமாக இருந்ததாலும் அது சாத்தியமானது. ஐந்து ஆண்டு மிச்சமுள்ள ஒருவருக்கு ‘பாதி அவர்களே’ என்று எழுதுவது, எதிர் அணியின் ஐந்து ஆண்டு வாழ்க்கையை நாமே செலவழிப்பது. ஒரே வீரரின் சம்பளம் இரண்டு முறை இப்படிப் பங்கிடப்படுவதற்கு இடையே 75 நாள் இருக்க வேண்டும் என்ற புதிய விதியும் வந்திருப்பதால், ஒரே மாலையில் மூன்று அணிகளைச் சேர்த்து வேலையை முடிப்பதும் நின்றுவிட்டது.

கீழ்நிலை லீக்குக்கு அனுப்பிவிட்டால் முழுச் சம்பளமும் மறைந்துவிடும் என்ற நம்பிக்கையும் தவறு. 2025-26இல் அப்படி மறைவது 1.15 மில்லியன் மட்டும். 5 மில்லியன் வாங்குபவரை அனுப்பினால் 3.85 மில்லியன் கணக்கிலேயே உட்கார்ந்திருக்கும்.

அடுத்தது காயப் பட்டியல். நீண்ட காலக் காயத்தில் இருப்பவரின் தொகை அளவுக்கு வரம்பைத் தாண்டிச் செலவழிக்கலாம். இதை வைத்து நடந்த கூத்துகள் பல. டாம்பாவின் நிகிதா குச்செரோவ் இடுப்பு அறுவைச் சிகிச்சையால் 2020-21 வழக்கமான பருவத்தில் ஒரு போட்டிகூட ஆடவில்லை. பிளே-ஆஃப் முதல் நாள் திரும்பி வந்தார். பிளே-ஆஃபில் அன்று உச்சவரம்பே கிடையாது. 23 போட்டிகளில் 32 புள்ளிகள் எடுத்தார், டாம்பா கோப்பையை வென்றது. வரம்பைவிட 18 மில்லியன் அதிகம் என்று அச்சிட்ட சட்டையை அவர் கொண்டாட்டத்தில் அணிந்தபோது மற்ற அணிகளின் ரசிகர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! அந்த வாசல் இப்போது மூடிவிட்டது. 2025-26 முதல் பிளே-ஆஃப் ஆட்டத்துக்கு இறங்கும் அணியும் வரம்புக்குள் அடங்க வேண்டும். பருவத்துக்குள் திரும்பக்கூடிய காயமென்றால், கிடைக்கும் சலுகைக்கு லீக்கின் சராசரிச் சம்பளமே எல்லை. ‘ஏப்ரல் வரை காயத்தில் வைத்திருப்போம்’ என்று இன்றும் எழுதுகிறவர் பழைய சட்டப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வாதாடுகிறார்.

ஒப்பந்தத்தை விலை கொடுத்து முறிப்பதும் இலவசமல்ல. மினசோட்டா 2012இல் ஸாக் பரிசே, ரயன் சூட்டர் இருவருக்கும் ஆளுக்கு 13 ஆண்டு, 98 மில்லியன் கொடுத்தது. 2021இல் இருவரையும் முறித்து அனுப்பியது. அதன் விலை 2023-24, 2024-25 இரண்டு பருவங்களிலும் ஆண்டுக்கு சுமார் 14.7 மில்லியன், ஏறக்குறைய வரம்பில் ஆறில் ஒரு பங்கு, ஆடாத இருவருக்கு. அந்தச் சுமை இறங்கிய பிறகுதான் அணியின் நட்சத்திரம் கிரில் கப்ரிசோவுக்கு எட்டு ஆண்டு, ஆண்டுக்கு 17 மில்லியன் என்ற ஒப்பந்தம் வந்தது.

அந்த 17ஐக் கேட்டுப் பலர் வாயைப் பிளந்தார்கள். டாலரைப் பார்த்து மிரள்வதும் ஒரு தவறுதான், வரம்பில் எத்தனை பங்கு என்றுதான் பார்க்க வேண்டும். அவருடைய ஒப்பந்தம் தொடங்கும் 2026-27க்கு முன்கூட்டியே சொல்லப்பட்ட வரம்பு 104 மில்லியன். அதில் 17 என்பது 16 சதவீதத்துக்குச் சற்று மேல். 2018-19இல் எட்மண்டன் நட்சத்திரம் கானர் மெக்டேவிடின் 12.5 மில்லியன் அன்றைய 79.5இல் கிட்டத்தட்ட அதே பங்கு. வரம்பு 81.5இல் அசையாமல் நின்ற கோவிட் ஆண்டுகளின் விலைப்பட்டியலை வைத்து இன்றைய வீரருக்கு விலை போட்டால் ஒருவரும் கையெழுத்திட மாட்டார்கள்.

டிராஃப்ட் தேர்வுகளைச் சில்லறைக் காசு போலத் தூவுவதைப் பற்றி ஒரே உதாரணம் போதும். 2017 மே மாதம் ஒட்டாவா தன் பிரிவின் இறுதிச்சுற்று வரை போனது. அந்த நம்பிக்கையில் நவம்பரில் கொலராடோவிடமிருந்து மாட் டுஷேனை வாங்க முதல் சுற்றுத் தேர்வு ஒன்றையும் கொடுத்தது. 2018 தேர்வு முதல் பத்துக்குள் வந்தால் 2019ஐக் கொடுக்கலாம் என்பது நிபந்தனை. 2018இல் நான்காவது இடம் வந்ததால் அதை வைத்துக்கொண்டு பிரேடி கச்சக்கை எடுத்தார்கள். 2018-19இல் லீக்கிலேயே கடைசி இடம். கொலராடோவுக்குப் போன தேர்வும் நான்காவதாகவே விழுந்தது.

ரசிகர்கள் மறக்கும் இன்னொன்று நாள்காட்டி. உச்சவரம்பு நாள் கணக்கில் ஓடுகிறது. பருவம் தொடங்கியதிலிருந்து 1 மில்லியன் இடத்தைத் தொடாமல் வைத்திருக்கும் அணி, மார்ச் கெடு நாளில் ஆண்டுச் சம்பளம் 4 மில்லியனுக்கும் மேல் உள்ள ஒருவரைச் சேர்த்துக்கொள்ள முடியும். மிச்ச நாட்களுக்கு மட்டும்தானே கொடுக்க வேண்டும். அக்டோபரிலேயே கடைசி டாலர்வரை நிரப்பிய பட்டியல் அழகாக இருக்கும், மார்ச்சில் கை கட்டி நிற்கும்.

நிரப்பிவிட்டால் இன்னோர் ஆபத்தும் உண்டு. 2024 ஆகஸ்டில் செயின்ட் லூயிஸ், எட்மண்டனின் ஒப்பந்தம் முடிந்த இளம் வீரர்கள் பிலிப் புரோபெர்க், டிலன் ஹாலோவே இருவருக்கும் நேரடியாக ஒப்பந்தத்தை நீட்டியது. சொந்த அணி ஏழு நாளுக்குள் அதே தொகையை ஏற்க வேண்டும், இல்லையேல் டிராஃப்ட் தேர்வுகளை வாங்கிக்கொண்டு விட்டுவிட வேண்டும். இரண்டு மாதம் முன்புதான் இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டம்வரை போன எட்மண்டனிடம் இடமில்லை. இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்றுத் தேர்வுகளை வாங்கிக்கொண்டு இருவரையும் இழந்தது. ஹாலோவே அடுத்த பருவத்தில் 63 புள்ளிகள் எடுத்தார். நாமும் இப்படிச் செய்யலாமே என்று உடனே கிளம்பியவர்கள் கவனிக்காத ஒன்று: ஈடாகத் தரும் தேர்வு அணியின் சொந்தத் தேர்வாகவே இருக்க வேண்டும். செயின்ட் லூயிஸ் தன் இரண்டாம் சுற்றுத் தேர்வை முதலில் பிட்ஸ்பர்கிடமிருந்து திரும்ப வாங்கிவிட்டுத்தான் ஒப்பந்தத்தையே நீட்டியது.

இவையெல்லாம் சரியாக வந்தாலும் விலை தவறலாம். 11 மில்லியன் வாங்கிக்கொண்டிருந்த டவாரெஸ் 2025 ஜூனில் டொராண்டோவிலேயே 4.38 மில்லியனுக்கு நான்கு ஆண்டுகள் ஒப்புக்கொண்டார். மெக்டேவிட் லீக்கின் மிகப் பெரிய தொகையைக் கேட்பார் என்று எல்லாரும் 16, 18 என்று எழுதிக்கொண்டிருந்தபோது, 2025 அக்டோபரில் எட்மண்டனோடு இரண்டே ஆண்டுகளுக்கு, பழைய அதே 12.5 மில்லியனுக்குக் கையெழுத்திட்டார்.