பின்னச் சமன்பாடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆந்திரத்தின் நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்தில் வீட்டில் தமிழ் பேசிக்கொண்டு பள்ளியில் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ கணிதம் படிக்கும் பிள்ளைகள், சமன்பாட்டில் பின்னம் வந்ததும் தடுமாறுகிறார்கள். இதற்கு மொழிதான் காரணம் என்று பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. பகுதியை, அதாவது பின்னக்கோட்டுக்குக் கீழே உள்ள எண்ணை, நீக்குவது என்பது இருபுறத்தையும் ஒரே எண்ணால் பெருக்குவதுதான் என்பதை யாரும் அழுத்திச் சொல்லாததால், பிள்ளைகள் அதை அழித்துவிடும் வேலையாக எடுத்துக்கொள்கிறார்கள்.

சித்தூர் மண்டிக்கு வந்த மாங்காய்க் கூடைகளில் மொத்தத்தில் பாதி முதல் நாளும், மூன்றில் ஒரு பங்கு மறுநாளும் விற்று, 40 கூடைகள் மிஞ்சின என்று கொள்வோம். மொத்தத்தை 'ம' என்று குறித்தால் ம/2 + ம/3 + 40 = ம. 2, 3 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 6 என்று சரியாகக் கண்டவர்களும் அடுத்த வரியில் 3ம + 2ம + 40 = 6ம என்று எழுதி, ம = 40 என முடித்துவிடுகிறார்கள். வந்ததும் 40, மிஞ்சியதும் 40 என்றால் ஒரு கூடைகூட விற்கவில்லை என்றாகிவிடும். பின்னமாக இல்லாத 40-ஐயும் 6-ஆல் பெருக்கியிருக்க வேண்டும். அப்போது 3ம + 2ம + 240 = 6ம, அதாவது ம = 240. 120, 80, 40 மூன்றையும் கூட்டினால் 240 சரியாக வருகிறது. நான் பார்க்கும் தவறுகளில் இதுவே மிகுதி.

மீச்சிறு பொது மடங்கைக் கொண்டு பின்னங்களின் பகுதிகளைச் சமமாக்கும் வழியைக் கி.பி. 9ஆம் நூற்றாண்டிலேயே கணித அறிஞர் மகாவீரர் விளக்கியிருக்கிறார். அவருடைய கணித நூலை 11ஆம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனா தெலுங்கில் தந்தார். ஆந்திரத்தில் படிக்கும் நம் பிள்ளைகள் இதை அறிந்திருப்பது நல்லது. பகுதிகள் 4, 6 எனில் 24-ஆல் பெருக்கினாலும் விடை சரியாகவே வரும். ஆனால் 12-ஆல் பெருக்கினால் எண்கள் சிறியவையாக இருப்பதால் பிழைக்கு இடம் குறைகிறது.

அடுத்தது கழித்தல் குறி. (ம + 4)/2 − (ம − 1)/3 = 3 என்பதில் பின்னக்கோடு அடைப்புக்குறியின் வேலையையும் செய்கிறது. ஆகவே 6-ஆல் பெருக்கியதும் 3(ம + 4) − 2(ம − 1) = 18 என்று அடைப்புக்குறியோடு எழுதிக்கொண்டு, பிறகே விரிக்க வேண்டும். 3ம + 12 − 2ம + 2 = 18; எனவே ம = 4. அவசரத்தில் அந்த +2 என்பதை −2 என்று எழுதுகிறவர்களுக்கு 8 கிடைக்கும். 8-ஐ மூலச் சமன்பாட்டில் இட்டால் இடப்புறம் 11/3 ஆகிறது, 3 அன்று. அடைப்புக்குறியை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு வரியைச் சேமிப்பதை நான் எந்த மாணவருக்கும் பரிந்துரைப்பதில்லை.

(ம + 6)/6 = 3 என்பதில் மேலும் கீழும் உள்ள 6-ஐ அடித்துவிட்டு ம = 3 என்பதும் தவறு. தொகுதி (பின்னக்கோட்டுக்கு மேலே உள்ளது) முழுமைக்கும் காரணியாக இருப்பதை மட்டுமே நீக்கலாம். கூட்டப்பட்டிருக்கும் உறுப்பை நீக்க முடியாது. இங்கே ம = 12.

சமக்குறியே இல்லாத கோவையில் இந்தப் பெருக்கல் செல்லாது. ம/2 + ம/3 என்பதைச் சுருக்கச் சொன்னால் விடை 5ம/6. அதை 6-ஆல் பெருக்கி 5ம என்று எழுதினால் மதிப்பே மாறிவிடும், ஏனெனில் அந்தப் பெருக்கலை ஈடுசெய்ய மறுபுறம் ஒன்றும் இல்லை.

பகுதியிலேயே மாறி (ம போன்ற எழுத்து) இருந்தால் கூடுதல் கவனம் தேவை. ம/(ம − 2) = 3 + 2/(ம − 2) என்பதை (ம − 2)-ஆல் பெருக்கினால் ம = 3ம − 6 + 2 ஆகி, ம = 2 என்று கிடைக்கிறது. ஒவ்வொரு படியும் ஒழுங்காகவே இருக்கிறது. ஆயினும் 2-ஐ இட்டால் பகுதி சுழியம் ஆகிவிடுகிறது, சுழியத்தால் வகுக்க இயலாது. எனவே முதல் வரியிலேயே ம ≠ 2 என்று எழுதிவைப்பது நன்று. இந்தச் சமன்பாட்டுக்குத் தீர்வு இல்லை என்பதே முழுமையான விடை. தேர்வுத்தாளிலும் அதை அப்படியே எழுதலாம்.