பட்ஜிகளைச் சேர்த்து வளர்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்ற பெயரில் விற்கப்படும் பறவைகளில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட பட்ஜெரிகார்கள், சுருக்கமாகப் பட்ஜிகள்தாம். அங்கே அவை மழையையும் புல்விதையையும் தேடிக் கூட்டமாக இடம்பெயர்ந்தபடியே வாழ்கின்றன. பல ஜோடிகள் ஒரே மரத்தின் வெவ்வேறு பொந்துகளில் முட்டையிடுவதும் உண்டு. அவ்வளவு நெருக்கத்தில் வாழ்ந்தும் அவை ஒன்றையொன்று கொன்றுவிடாததற்கு முக்கியமான காரணம், சண்டையில் தோற்ற பறவை பறந்து போய்விடலாம் என்பதுதான். கூண்டில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. ஆகவே, “இந்தப் பறவையின் குணமே பொல்லாதது” என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், கூண்டுக்குள் நாம் எதை வைத்திருக்கிறோம், எதை வைக்கத் தவறியிருக்கிறோம் என்று பார்ப்பதே முறை.

முதல் தவறு வாங்கும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. பத்திருபது பறவைகள் அடைந்திருக்கும் கூண்டுக்குள் கையை விட்டு ஒரு பச்சையையும் ஒரு நீலத்தையும் பிடித்து, துளையிட்ட அட்டைப்பெட்டியில் போட்டு ஜோடி என்று கொடுத்துவிடுகிறார்கள். நிறத்துக்கும் பாலினத்துக்கும் தொடர்பில்லை. அலகுக்கு மேலே நாசித்துளைகளைச் சூழ்ந்திருக்கும் சதைப்பகுதியைத்தான் பார்க்க வேண்டும். வளர்ந்த ஆணுக்கு அது சீரான நீலமாக இருக்கும். பெண்ணுக்கு வெளிறிய நிறத்திலிருந்து பழுப்பு வரை மாறிக்கொண்டிருக்கும். இளம் பெண் பறவைக்கு அது வெளிர்நீலமாகத் தோன்றுவதால் பலரும் ஆண் என்று எண்ணி ஏமாறுகிறார்கள். நாசித்துளையைச் சுற்றி வெண்ணிற வளையம் தெரிந்தால் அது பெண். முழு மஞ்சளான லுட்டினோ, முழு வெள்ளையான அல்பினோ வகைகளில் ஆணுக்கு வளர்ந்த பிறகும் நீலம் வராமல் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறமே நிலைத்துவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நெற்றியில் சதைப்பகுதி வரை கறுப்புக் கோடுகள் இறங்கியிருக்கும் குஞ்சுகளின் பாலினத்தை உறுதியாகச் சொல்வது கைதேர்ந்தவர்களுக்கே கடினம். மூன்று நான்கு மாதத்தில் அந்தக் கோடுகள் மறையும் வரை பொறுப்பது நல்லது.

ஆணும் பெண்ணுமாகவே அமைந்துவிட்டாலும் அவை இணைந்துவிடும் என்ற உறுதி இல்லை. துணையைப் பறவைதான் தேர்ந்தெடுக்கிறது. 2019-இல் சயன்ஸ் இதழில் வெளியான ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. ஒரு பெண் பட்ஜி விரும்பாமல் ஒதுக்கிய ஆணுக்கு, தீனி உள்ள பெட்டியைத் திறக்கும் வித்தையை ஆய்வாளர்கள் கற்றுக்கொடுத்தார்கள். அது பெட்டியைத் திறப்பதையும், தான் விரும்பிய ஆண் திறக்க முடியாமல் திணறுவதையும் கண்ட பிறகு பெண்ணின் நாட்டம் திறந்தவன் பக்கம் சாய்ந்தது. இவ்வளவு கவனமாகத் துணையை எடைபோடும் பறவையிடம் நாம் பொருத்தம் பார்த்துக் கட்டிவைத்தது செல்லாமல் போவதில் வியப்பில்லை. முடிந்தால், முன்பே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டையே கேட்டு வாங்குங்கள்.

பிணைப்பையும் பகையையும் மாற்றிப் புரிந்துகொள்வது அடுத்த தவறு. தலையிலும் கழுத்திலும் முளைக்கும் புது இறகின் உறையைப் பறவையால் தானே கோத முடியாது. அலகு எட்டாத அந்த இடத்தை மற்றொன்றுக்குக் காட்டித் தலையைச் சாய்ப்பதுதான் நம்பிக்கையின் தெளிவான அடையாளம். ஜோடி சேர்ந்த ஆண், சில வாரங்களுக்குள் தன் துணையின் அழைப்பொலியையே பின்பற்றத் தொடங்கிவிடும். அது தலையை மேலும் கீழும் ஆட்டித் துணைக்குத் தீனியைக் கக்கி ஊட்டுவதைக் கண்டு வாந்தி என்று பதறுகிறவர்கள் உண்டு. நோயுற்ற பறவையின் வாந்தி வேறு வகை: அது தலையை உதறி விதைகளை நாலாபுறமும் தெறிக்கவிடும், முகத்து இறகுகள் நனைந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அதேபோல் இரண்டு பறவைகள் அலகை அலகோடு தட்டிக்கொள்வதும், உட்காரும் குச்சிக்காகக் கத்தி விலக்குவதும் அன்றாடச் சச்சரவுதான். ஒன்று மற்றொன்றைத் தீனிப் பக்கமே வரவிடாமல் விரட்டுவதும், காலைக் குறிவைத்துக் கடிப்பதும், மூக்குப் பகுதியில் இரத்தம் தெரிவதும் வேறு; அப்போது “பழகிவிடும்” என்று காத்திராமல் அன்றைக்கே பிரித்துவிட வேண்டும்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய தவறு பானை. பட்ஜிக் கூண்டு என்றாலே மண்பானை தொங்க வேண்டும், அது இரவில் உறங்கும் இடம் என்றொரு எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. பட்ஜி உறங்குவது குச்சியின் மேல். பானை என்பது அதன் கண்ணுக்கு மரப்பொந்து. பொந்தைக் கண்ட பெண்ணின் உடல் முட்டையிடும் பருவத்துக்குத் தயாராகிறது. அதுவரை அமைதியாக இருந்த பெண்கூடப் பானை வாயிலில் நின்றுகொண்டு நெருங்குகிற எல்லாவற்றையும் கொத்தும். இரண்டு பெண்களுக்கு ஒரே பானை என்றால் உடைந்த முட்டைகளும் காயம்பட்ட குஞ்சுகளும் மிஞ்சும். பெண்களில் ஒன்று இறந்துபோவதும் நடக்கிறது. இனப்பெருக்கம் உங்கள் நோக்கமில்லை என்றால் பானையைக் கழற்றிவிடுங்கள். தேங்காய்ச் சிரட்டை, அட்டைப்பெட்டி போன்ற இருண்ட பொந்துகளையும் சேர்த்துத்தான். முட்டையோ குஞ்சோ உள்ளே இருக்கும்போது மட்டும் கழற்றக் கூடாது.

குஞ்சு எடுக்க விரும்புகிறவர்கள், ஜோடிகளின் எண்ணிக்கையை விடக் கூடுதலாகப் பானைகளை ஒரே உயரத்தில், ஒரே நாளில் கட்ட வேண்டும். உயரமான பானைக்குத்தான் போட்டி வரும் என்பதால் உயரம் பொருட்டில்லை என்று விட்டுவிடக் கூடாது. ஜோடியில்லாத பெண்ணை அந்தக் கூண்டிலிருந்து முன்கூட்டியே அகற்றுவது கட்டாயம், ஏனென்றால் பானை பானையாக நுழைந்து கலவரம் செய்வது பெரும்பாலும் அதுதான். பெண் ஒன்றுவிட்டு ஒரு நாளாக நான்கு முதல் ஆறு முட்டைகள் இட்டு, ஒவ்வொன்றையும் சுமார் 18 நாள் அடைகாக்கிறது. அத்தனை நாளும் ஆண்தான் அதற்கு ஊட்டுகிறது. குஞ்சுகள் ஏறத்தாழ ஐந்து வாரத்தில் வெளிவரும் சமயத்தில் தாய் அடுத்த ஈட்டுக்குத் தயாராகிவிட்டால், மூத்த குஞ்சுகளின் இறகையே பிடுங்கத் தொடங்கலாம். தாமாக உண்ணக் கற்றதும் அவற்றை வேறு கூண்டுக்கு மாற்றுங்கள். இரண்டு ஈட்டுக்குப் பிறகு பானையை எடுத்து ஓய்வு கொடுக்க வேண்டும், கடல் நுரை எனப்படும் கணவாய் ஓடு எப்போதும் கூண்டில் இருக்க வேண்டும். சுண்ணாம்புச் சத்துக் குறைந்த பெண்ணுக்கு முட்டை உள்ளேயே சிக்கிக்கொண்டு உயிர் போகக்கூடும்.

எண்ணிக்கையில் மூன்று சங்கடமானது. அதிலும் இரு பெண்களும் ஓர் ஆணும் என்பது மோசமான சேர்க்கை. இரண்டு ஆண்கள் மட்டும் என்றால் பொதுவாக மிக அமைதியாக வாழும். அவை ஒன்றுக்கொன்று ஊட்டுவதையும் கோதுவதையும் கண்டு ஏதோ கோளாறு என்று பிரித்துவிடுகிறார்கள். அது உண்மையான பிணைப்பு, பிரித்தால் இரண்டுமே வாடும்.

புதுப் பறவையை வாங்கிய கையோடு பழைய கூண்டில் விடுவது இன்னொரு அவசரம். மனிதருக்கும் தொற்றக்கூடிய கிளிக்காய்ச்சல் உள்பட, வெளியே தெரியாத நோய்கள் உண்டு என்பதால் முப்பது நாளாவது வேறு அறையில் வைத்திருக்க வேண்டும். பிறகு சில நாள் கூண்டோடு கூண்டாக அருகில் வைத்துவிட்டு, குச்சிகளையும் கிண்ணங்களையும் இடம் மாற்றி அமைத்த பின், காலையில் நாம் வீட்டிலிருக்கும் நாளாகப் பார்த்துச் சேர்க்கலாம். அடங்கிவிடும் என்று இருட்டில் சேர்ப்பது தவறு. விடியற்காலையில் நடக்கும் சண்டையை நாம் பார்க்கவே மாட்டோம்.

கூண்டு உயரமாக இருப்பதை விட நீளமாக இருப்பது அவசியம், ஏனென்றால் பட்ஜி கிடைமட்டமாகப் பறந்துதான் விலகுகிறது. தினைக் கிண்ணம் ஒன்றே ஒன்று இருந்தால் வலியது அதன்மேல் உட்கார்ந்துவிடும். கிண்ணங்களைக் கூண்டின் இரு முனைகளிலும் வையுங்கள். உண்மையிலேயே லவ் பேர்ட்ஸ் என்ற பெயருக்கு உரிய ஆப்பிரிக்கக் கிளிகளை இவற்றோடு அடைக்கவே கூடாது, அவற்றின் கடியில் பட்ஜிகள் விரல்களை இழக்கும். சிறு ஃபின்ச் குருவிகளுக்கோ பட்ஜியே ஆபத்து. தனிப் பறவைக்குக் கண்ணாடியைத் துணையாக வைப்பதும் வேண்டாம். சில பறவைகள் பதில் தராத அந்த உருவத்துக்கே நாளெல்லாம் ஊட்டிக்கொண்டிருக்கும்.

துணை இறந்ததும் அன்று மாலையே வேறொன்றை வாங்கிவந்து விடுவது இரக்கத்தால் செய்யப்படும் தவறு. இறந்ததன் காரணம் தெரியாத நிலையில், எஞ்சியிருக்கும் பறவைக்கும் அதே நோய் இருக்கலாம். முதலில் அதைப் பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தினமும் தீனியின் அளவையும் எச்சத்தையும் எடையையும் கவனியுங்கள். இறகுகளைச் சிலுப்பி உட்கார்ந்தே இருப்பதைத் துக்கம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள், நோய்க்கும் அதே தோற்றம்தான். ஆளரவம் உள்ள அறையில் வைத்துப் பேச்சுக்கொடுங்கள். பிறகு வாங்கும் துணை வயதில் நெருங்கியதாக இருக்கட்டும், அதற்கும் முப்பது நாள் தனிமை உண்டு.