ஷேவ் செய்த பிறகு தோல் உரிவது எப்படி நின்றது: என் அனுபவம்

ரொம்ப நாளாக, ஷேவ் செய்த அன்று மாலைக்குள் தாடைக்குக் கீழே தோல் விறைத்து, மாவு தூவியதுபோல வெள்ளையாக உரியும். சிரித்தால் கன்னம் இழுக்கும். ரேசர்தான் காரணம் என்று இரண்டு மூன்று மாற்றிப் பார்த்தேன்; பலனில்லை.

குற்றவாளி ஆஃப்டர்ஷேவ். சுரீரென்று எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று நம்பியிருந்தேன். அந்த எரிச்சல் ஆல்கஹாலால் வருவது. பிளேடு முடியோடு சேர்த்துத் தோலின் மேலடுக்கையும் கொஞ்சம் சுரண்டிவிடுகிறது. அதன்மேல் ஆல்கஹால் பட்டால் மிச்சமிருக்கும் எண்ணெய்ப்பசையும் போய்விடும்.

இப்போது குளித்த பிறகுதான் ஷேவ். முடி ஊறி மெத்தென்று இருப்பதால் அழுத்த வேண்டியதில்லை. முடி வளரும் திசையிலேயே இழுப்பேன். கழுத்தில் அது பக்கவாட்டில் வளர்கிறது என்பதே விரலால் தடவிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இத்தனை வருஷம் கழித்து! 5 முதல் 7 ஷேவுக்கு மேல் ஒரு பிளேடை வைத்திருப்பதில்லை.

முடிந்ததும் குளிர்ந்த நீரில் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுப்பேன். முகத்தில் ஈரம் இருக்கும்போதே, கிளிசரின் கலந்த, வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர் பட்டாணி அளவு. இந்த ஈரம்தான் சூட்சுமம். காயவிட்டுத் தடவிய நாட்களில் பாதிப் பலன்கூட இல்லை. கிளிசரின் நீரைப் பிடித்துவைக்கும். ரொம்ப வறண்ட நாளில் அதன்மேல் துளி பெட்ரோலியம் ஜெல்லி. பரு வரும் இடத்தில் மட்டும் வேண்டாம்.

இரண்டு வாரத்தில் உரிவது நின்றது. பழைய பாட்டில் இன்னும் அலமாரியில் இருக்கிறது, வாசனைக்காகச் சட்டையில் தெளித்துக்கொள்கிறேன்.